வலது கை சிதைந்தது... இடது கையால் 2 ஒலிம்பிக் தங்கம்! யார் இந்த காரோய் தகாச்? ஃபார்வர்டு மெசேஜ்கள் சொல்லாத கதை

லண்டனுக்கு வெளியே, சர்ரே பகுதியில் பிஸ்லி என்ற இடத்தில் பழைய துப்பாக்கி சுடுதல் மைதானம் ஒன்று இருக்கிறது. 1948 ஒலிம்பிக்கின் பிஸ்டல் போட்டிகள் அங்கேதான் நடந்தன. 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிரிவில் ஹங்கேரிக்காக வந்து நின்றவருக்கு வயது 38. அதுதான் அவருக்கு முதல் ஒலிம்பிக். துப்பாக்கி இடது கையில் இருந்தது. போட்டி முடிந்தபோது அவர் எடுத்திருந்தது 600-க்கு 580 புள்ளிகள். அதுவரை இருந்த உலக சாதனையைவிட 10 புள்ளிகள் அதிகம்.

பத்து வருஷத்துக்கு முன்பு வரை அவர் வலது கையால் சுடுபவர்.

இந்தக் கதையை நீங்க ஏற்கெனவே கேட்டிருக்கலாம். காலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் தன்னம்பிக்கை வீடியோக்களில் இது ரொம்ப பிரபலம். கையெறி குண்டு வெடித்தது, வலது கை போனது, இடது கையால் பழகினார், தங்கம் வென்றார். அவ்வளவுதான், வீடியோ முடிந்துவிடும். அதில் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனா இரண்டு விஷயங்கள் விட்டுப்போகும். குண்டு வெடிப்பதற்கு முன்பே அவரைத் தடுத்தது என்ன என்பது ஒன்று. தங்கம் வென்ற பிறகு அவர் பக்கத்தில் வந்து நின்ற ஒரு 17 வயதுப் பையன் இன்னொன்று. அந்த இரண்டையும் சேர்த்தால்தான் காரோய் தகாச் யார் என்பது புரியும்.

பெயரே முதலில் குழப்பம்!

ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை அப்படியே வாசித்து, கரோலி டகாக்ஸ் என்றுதான் நம்ம ஊர் வீடியோக்களில் சொல்கிறார்கள். ஹங்கேரி மொழியில் அந்தப் பெயரைக் காரோய் தகாச் என்று உச்சரிப்பார்கள். அங்கே குடும்பப் பெயர்தான் முதலில் வரும். நாம இனிஷியலை முன்னாடி போடுகிற மாதிரி. ஆக, சொந்த ஊரில் அவர் தகாச் காரோய். தகாச் என்றால் அந்த மொழியில் நெசவாளர் என்று பொருள்.

பிறந்தது 1910 ஜனவரி 21, புடாபெஸ்ட் நகரில். இளம் வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். பிஸ்டல் சுடுவதில் கை தேர்ந்தார். 1930-களின் நடுவில், உலக அளவில் பேசப்படும் தரத்துக்கு வந்துவிட்டார். ராணுவத்தில் அவருடைய பதவி சார்ஜண்ட்.

சிக்கல் அந்தப் பதவியில்தான் இருந்தது.

1936: குறி தப்பவில்லை, பதவி போதவில்லை

1936-ல் பெர்லின் ஒலிம்பிக். தகாச்சுக்கு 26 வயது. நல்ல ஃபார்மில் இருந்தார். ஆனா ஹங்கேரி துப்பாக்கி சுடுதல் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ராணுவத்தில் இருந்து அணிக்குப் போக வேண்டுமென்றால் அதிகாரி அந்தஸ்தில் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. லெப்டினன்ட், கேப்டன் என்றால் போகலாம். சார்ஜண்ட் போக முடியாது. எவ்வளவு நன்றாகச் சுடுகிறார் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. தோளில் என்ன பட்டை இருக்கிறது என்பதுதான் கணக்கு.

இன்றைக்கு யோசித்தால் அபத்தமாக இருக்கும். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இது சாதாரண விஷயம். குதிரையேற்றத்தில் சர்வதேச விதியே கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. அதற்கு உதாரணம் தகாச் தங்கம் வென்ற அதே 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இருக்கிறது. டிரெஸ்ஸாஜ் எனும் குதிரையேற்றப் பிரிவில் ஸ்வீடன் அணி தங்கம் வென்றது. அந்த அணியில் இருந்த யேனால் பெர்சன் உண்மையில் ஒரு சார்ஜண்ட். ஒலிம்பிக்குக்காக மட்டும் அவரைத் தற்காலிகமாக அதிகாரியாக்கி அனுப்பிவிட்டு, போட்டி முடிந்ததும் பழையபடி சார்ஜண்ட் ஆக்கிவிட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் அடுத்த வருஷம் ஸ்வீடனின் தங்கம் பறிக்கப்பட்டு பிரான்ஸுக்குப் போனது. குதிரையை அவர் தப்பாக ஓட்டினார் என்று யாரும் சொல்லவில்லை. 1952-ல் அந்த விதி போனது. அதே பெர்சன் அணியில் இருக்க, ஸ்வீடன் மறுபடியும் தங்கம் வென்றது. 1956-லும்தான்.

நம்ம பக்கம் பார்த்தால், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிரிவில் இந்தியாவுக்கு வெள்ளி வாங்கித் தந்த விஜய் குமார் அப்போது ராணுவத்தில் சுபேதார். 1936 ஹங்கேரியில் இருந்திருந்தால் அவருக்கு என்ன சொல்லியிருப்பார்களோ!

சரி, தகாச்சுக்கு வருவோம். பெர்லின் ஒலிம்பிக் முடிந்த பிறகு ஹங்கேரியில் அந்தத் தடை விலக்கப்பட்டது. அடுத்த ஒலிம்பிக் 1940-ல் டோக்கியோவில் நடப்பதாக இருந்தது. தகாச்சுக்கு அப்போது 30 வயது ஆகியிருக்கும். பிஸ்டல் வீரருக்கு அது நல்ல வயது. டோக்கியோவைக் குறிவைத்து உழைக்க ஆரம்பித்தார்.

1938: அந்த ஒரு வெடிப்பு

1938-ல் ராணுவப் பயிற்சியின்போது அவர் கையில் இருந்த கையெறி குண்டு கோளாறு காரணமாக வெடித்தது. வலது கை சிதைந்தது. வருஷக்கணக்கில் பழகிய அதே கை. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

வெளியே வந்தவர் இடது கையால் சுடப் பழக ஆரம்பித்தார். யாருக்கும் சொல்லவில்லை. ரகசியமாகவே பழகினார்.

இந்த வரியை வீடியோக்களில் ரெண்டு செகண்டில் கடந்து போவார்கள். இதில் எவ்வளவு பெரிய வேலை இருக்கிறது என்பது அந்தப் போட்டியின் முறையைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும். அதனால கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

4 விநாடி, 5 குண்டு... ரேபிட் ஃபயர் எப்படி நடக்கும்?

25 மீட்டர் தூரத்தில் ஐந்து இலக்குகள் பக்கத்து பக்கத்தில் நிற்கும். தகாச் காலத்தில் அவை மனித உருவம் போல வெட்டப்பட்ட பலகைகள். வீரர் பாயிண்ட் 22 காலிபர் பிஸ்டலை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். இன்னொரு கையின் உதவி கூடாது. இலக்குகள் திரும்பி முகம் காட்டும் கணத்தில் கையை உயர்த்தி, ஒரு இலக்குக்கு ஒரு குண்டு வீதம் ஐந்தையும் சுட வேண்டும்.

முதலில் இதற்கு 8 விநாடி தருவார்கள். அப்புறம் 6 விநாடி. கடைசியில் 4 விநாடி. மொத்தம் 60 குண்டுகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10 புள்ளிகள்.

4 விநாடியில் ஐந்து குண்டு என்றால் ஒன்றுக்கு ஒரு விநாடிகூட இல்லை. அதிலேயே கையைத் தூக்க வேண்டும், குறி பார்க்க வேண்டும், சுட்ட அதிர்வில் துள்ளும் துப்பாக்கியை அடக்க வேண்டும், அடுத்த இலக்குக்கு நகர வேண்டும். யோசித்துச் செய்ய நேரமே கிடையாது. எல்லாம் உடம்பில் ஊறிப் போயிருக்க வேண்டும். டூ வீலரில் கியர் மாற்றுவதை நாம யோசித்தா செய்கிறோம்? அந்த மாதிரி.

இப்போ ஒரு சின்ன வேலை செய்து பாருங்க. நீங்க வழக்கமா எழுதாத கையால், ஒரு தாளில் உங்க கையெழுத்தைப் போடுங்க. நேரம் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க. எப்படி வந்திருக்கு?

துப்பாக்கியில் கை மாறுவது அதைவிடக் கடினம், ஏன்னா கை மட்டும் மாறினால் போதாது. வலது கையால் சுடும் பலருக்கு வலது கண்தான் குறி பார்க்கும் கண். இடது கைக்கு மாறும்போது அந்தக் கணக்கு குழம்பும். நிற்கும் விதம் மாறும், எந்தக் கால் முன்னால் என்பது மாறும், உடம்பின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் மாறும். வலது உள்ளங்கைக்காகச் செதுக்கிய மரப் பிடி இடது உள்ளங்கையில் உட்காராது. இதற்கெல்லாம் மேல் டிரிகர் விரல் இருக்கிறது. துப்பாக்கி துளிகூட அசையாமல் அந்த விரல் மட்டும் பின்னால் வர வேண்டும். வருஷக்கணக்கில் ஒரு விரலுக்குக் கற்றுக்கொடுத்ததை இன்னொரு விரலுக்கு அப்படியே மாற்றிவிட முடியாது. ஆரம்பத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

அதைத்தான் 28 வயதில் தகாச் செய்தார்.

சமாதானம் சொல்ல வந்தவர்களுக்கு அதிர்ச்சி

1939 வசந்த காலத்தில் ஹங்கேரி தேசிய பிஸ்டல் சாம்பியன்ஷிப் நடந்தது. தகாச் அங்கே வந்தார். மற்ற வீரர்கள் அவரிடம் போய் ஆறுதல் சொன்னார்களாம். அடிபட்ட பிறகும் நம்மைப் பார்த்து உற்சாகப்படுத்த வந்திருக்கிறாரே என்று நினைத்தார்களாம். வேடிக்கை பார்க்க வரவில்லை, போட்டியிடத்தான் வந்திருக்கிறேன் என்று அவர் சொன்னதாகக் கதை. இது இத்தனை வருஷம் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி மெருகேறியதாகக்கூட இருக்கலாம். முடிவு மட்டும் பதிவில் இருக்கிறது: அந்தப் பட்டத்தை தகாச் வென்றார்.

அதே ஆண்டு ஸ்விட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. ரேபிட் ஃபயர் பிஸ்டலில் பட்டம் வென்ற ஹங்கேரி அணியில் அவரும் இருந்தார். ஒலிம்பிக்குக்கு இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்த மாதிரி தோன்றியது.

நடுவில் ஒரு உலகப் போர்

ஆனா டோக்கியோ ஒலிம்பிக் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. சீனாவுடன் போரில் இறங்கியிருந்த ஜப்பான், 1938-லேயே போட்டியை நடத்த முடியாது என்று ஒதுங்கிவிட்டது. வாய்ப்பு பின்லாந்தின் ஹெல்சின்கிக்குப் போனது. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் வெடித்த பிறகு அதுவும் ரத்தானது. 1944-ல் லண்டனில் நடக்க வேண்டிய ஒலிம்பிக்கும் நடக்கவில்லை.

ஹங்கேரி போரில் ஜெர்மனி பக்கம் நின்றது. கடைசியில் 1944 டிசம்பரில் சோவியத் படைகள் புடாபெஸ்ட்டைச் சுற்றி வளைத்தன. 1945 பிப்ரவரியில் முற்றுகை முடிந்தபோது நகரம் இடிபாடாகக் கிடந்தது. டான்யூப் நதியின் மேல் இருந்த பாலங்கள் அத்தனையும் தகர்க்கப்பட்டிருந்தன.

ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையில் 28 முதல் 38 வரை எப்படிப்பட்ட வருஷங்கள் என்று சொல்லத் தேவையில்லை. தகாச்சுக்கு அதில் ஒரு ஒலிம்பிக்கூட கிடைக்கவில்லை. முதலில் பதவி தடுத்தது, அடுத்து விபத்து, அதற்கு அடுத்து போர். அவர் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை.

1948: கற்றுக்கொள்ள வந்தவர்

போருக்குப் பிறகு நடந்த முதல் ஒலிம்பிக் 1948 லண்டன். பிரிட்டனில் அப்போதும் ரேஷன் அமலில் இருந்தது. புதிய மைதானம் எதுவும் கட்டவில்லை. வீரர்கள் பலர் ராணுவக் குடியிருப்புகளிலும் கல்லூரி விடுதிகளிலும் தங்கினார்கள்.

ரேபிட் ஃபயர் பிரிவில் எல்லோரும் எதிர்பார்த்தது அர்ஜென்டினாவின் கார்லோஸ் சாயன்ஸ் வலியென்டேவை. நடப்பு உலக சாம்பியன், உலக சாதனையும் அவர் பெயரில்தான். போட்டிக்கு முன் அவர் தகாச்சைப் பார்த்து, நீங்கள் ஏன் லண்டனுக்கு வந்தீர்கள் என்று கேட்டார். கை போன மனிதர் வந்திருக்கிறாரே என்ற ஆச்சரியம் அவருக்கு. கற்றுக்கொள்ள வந்தேன் என்று தகாச் பதில் சொன்னார்.

தகாச் 580. சாயன்ஸ் வலியென்டே 571. ஸ்வீடனின் ஸ்வென் லுண்ட்க்விஸ்ட் 569.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். அர்ஜென்டினா வீரர் மோசமாகச் சுடவில்லை. அவர் எடுத்த 571-ம் பழைய உலக சாதனையைவிட அதிகம்தான். வேறு எந்த நாளிலும் அது தங்கத்துக்குப் போதும். அன்றைக்குப் போதவில்லை. வெற்றி மேடையில் அவர் தகாச்சிடம், நீங்கள் போதுமான அளவு கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று சொன்னார். அந்த வார்த்தையில் பொறாமை இல்லை. தோற்றவர் அப்படிப் பேசியதால்தான் இந்தக் கதைக்கே இவ்வளவு ஆயுள் என்று தோன்றுகிறது.

உடல் குறைபாட்டோடு ஒலிம்பிக்கில் ஆடியவர்களில் தகாச் முதல் ஆள் இல்லை. 1904-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஐசர், மரக் கால் வைத்துக்கொண்டு ஜிம்னாஸ்டிக்ஸில் தங்கம் வென்றவர். தகாச்சின் நாட்டிலேயே ஒலிவேர் ஹலாஷி இருந்தார். டிராம் விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த அவர், வாட்டர் போலோவில் 1932, 1936 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற அணியில் ஆடினார். தகாச் மூன்றாவதாக வருகிறார்.

1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய நாள். அதே நாளில், லண்டனுக்கு வெளியே ஸ்டோக் மேண்டவில் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் ஒரு சின்னப் போட்டி நடத்தினார். போரில் முதுகுத்தண்டு அடிபட்டு சக்கர நாற்காலியில் இருந்த 16 பேர் வில்வித்தையில் கலந்துகொண்டார்கள். இன்றைய பாராலிம்பிக் அங்கிருந்துதான் வளர்ந்தது. அடுத்த சில நாட்களில் பிஸ்லியில் தகாச் இடது கையால் சுட்டுக்கொண்டிருந்தார். ரெண்டு பேரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

1952: குருவும் சிஷ்யனும், நடுவில் 1 புள்ளி

ஃபார்வர்டு வீடியோ இங்கே முடிந்துவிடும். மிஞ்சிப் போனால், அடுத்த ஒலிம்பிக்கிலும் வென்றார் என்று ஒரு வரி வரும். உண்மையில் இந்தக் கதையின் அருமையான பகுதி இதுதான்.

தகாச் தான் போட்டியில் இருக்கும்போதே மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்திருந்தார். அவரிடம் வந்தவர்களில் ஒருவர் சிலார்ட் குன். 1935-ல் பிறந்தவர். தகாச்சுக்கு குண்டு வெடித்தபோது அந்தக் குழந்தைக்கு மூன்று வயதுகூட இருந்திருந்தால் அதிகம்.

நன்றாக ஆடுகிறவர்கள் எல்லோரும் நல்ல ஆசிரியர் ஆவதில்லை. சின்ன வயதிலேயே உடம்பில் ஊறிப்போன வித்தையை வாயால் சொல்லச் சொன்னால் பலருக்கு வராது. எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால், சும்மா செய்கிறேன் என்பார்கள். தகாச் விஷயம் வேறு. அவர் இந்த வித்தையை இரண்டு தடவை கற்றவர். முதல் தடவை இளைஞனாக வலது கையில். இரண்டாவது தடவை, நன்றாகச் சுடுவது என்றால் என்ன என்று முழுசாகத் தெரிந்த பிறகு, அதைச் செய்ய முடியாத இடது கையில். எந்த விரல் எங்கே தவறுகிறது, துப்பாக்கி எந்தப் பக்கம் இழுக்கிறது, ஏன் இழுக்கிறது என்று தனக்குத்தானே ஒவ்வொன்றாகப் பார்த்து, தானே திருத்திக்கொண்டவர். ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல தகுதி வேறென்ன வேண்டும்?

1952 ஒலிம்பிக் ஹெல்சின்கியில் நடந்தது. போரால் ரத்தான 1940 ஒலிம்பிக்கை ஏற்றிருந்த அதே நகரம். தகாச்சுக்கு 42 வயது. ஹங்கேரிக்காக அவரோடு அதே பிரிவில் சுட வந்தவர், 17 வயது சிலார்ட் குன்.

முதல் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் வித்தியாசம் மொத்தம் 2 புள்ளிகள்தான். 60 குண்டுகள் சுட்ட பிறகு தகாச் எடுத்தது 579. குன் எடுத்தது 578. ருமேனியாவின் ஜியார்ஜ் லிக்கியார்டோபோலும் 578. லண்டனில் தோற்ற சாயன்ஸ் வலியென்டே 577. சமனாக இருந்த இருவரில் குன்னுக்கு வெள்ளி, ருமேனிய வீரருக்கு வெண்கலம்.

ஒரு புள்ளி என்றால் என்ன? அறுபது குண்டுகளில் ஏதோ ஒன்று, கோட்டுக்கு ஒரு நூல் அந்தப் பக்கம் விழுந்தால் அந்தப் பையனுக்குத் தங்கம். குருவுக்கு வெள்ளி. தகாச் அந்த ஒரு புள்ளியை விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். ஆனால் தனக்கு இணையாகச் சுடும் அளவுக்கு ஒரு மாணவனை உருவாக்கிவிட்டு, அவன் முன்னால் நூறு சதவீதம் சுட்டுக் காட்டுவதைவிடப் பெரிய மரியாதையை அந்த மாணவனுக்குச் செய்ய முடியாது. 17 வயதில் ஒலிம்பிக் வெள்ளி, அதுவும் தன் ஆசிரியருக்கு அடுத்தபடியாக. குன் வீட்டில் அன்றைக்கு யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

சாயன்ஸ் வலியென்டே மறுபடியும் வந்து வாழ்த்தியதாகவும், தேவைக்கு மேலேயே கற்றுவிட்டீர்கள், இனி ஓய்வெடுத்து எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று கேலியாகச் சொன்னதாகவும் ஒரு தகவல் உண்டு.

25 மீட்டர் ரேபிட் ஃபயரில் அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் வீரர் தகாச். அதற்குப் பிறகு போலந்தின் யோசஃப் சபென்ஸ்கி 1968, 1972-ல் அதைச் செய்தார். பின்னர் ஜெர்மனியின் ரால்ஃப் ஷூமன் மூன்று தங்கம் வரை போனார்.

ஹெல்சின்கியில் ஹங்கேரி மொத்தம் 16 தங்கம் அள்ளியது. புஷ்காஷ் ஆடிய அந்தப் பிரபலமான கால்பந்து அணி தங்கம் வென்றதும் அங்கேதான். அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு பிஸ்டல் வீரரும் அவர் மாணவரும் எவ்வளவு பேர் கண்ணில் பட்டிருப்பார்கள் என்பது சந்தேகம்தான்.

46 வயதிலும் விடவில்லை

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கும் தகாச் போனார். வயது 46. அந்த ஆண்டு அக்டோபரில் ஹங்கேரியில் மக்கள் கிளர்ச்சி வெடித்து, நவம்பரில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் தெருக்களில் இறங்கியிருந்தன. ஹங்கேரி வீரர்கள் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது அந்தச் செய்திகளுக்கு நடுவேதான். போட்டி முடிந்த பிறகு நாடு திரும்பாதவர்களும் இருந்தார்கள். ரேபிட் ஃபயரில் ருமேனியாவின் ஸ்டெஃபான் பெட்ரெஸ்கு 587 எடுத்துத் தங்கம் வென்றார். தகாச்சுக்கு எட்டாவது இடம். மூன்றாவது ஒலிம்பிக் தங்கம் கிடைக்கவில்லை.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 1958-ல் மாஸ்கோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு வெண்கலம் வென்றார். அப்போது வயது 48. உள்நாட்டில் அவர் வென்ற தேசியப் பட்டங்கள் மட்டும் 35. அவற்றை வென்றதும் பெரும்பாலும் அந்த இடது கைதான்.

பிறகு முழு நேரப் பயிற்சியாளராக இருந்தார். ராணுவத்தைவிட்டு விலகும்போது அவருடைய பதவி லெப்டினன்ட் கர்னல். 1936-ல் பதவி போதாது என்று நிறுத்தி வைக்கப்பட்ட சார்ஜண்ட்.

இன்னொரு டோக்கியோ

காரோய் தகாச் 1976 ஜனவரி 5-ம் தேதி புடாபெஸ்ட்டில் காலமானார். 66-வது பிறந்தநாளுக்கு இன்னும் 16 நாட்கள் இருந்தன. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி பின்னாளில் அவரை ஒலிம்பிக் நாயகர்கள் பட்டியலில் சேர்த்தது.

அவர் இறந்த அதே ஆண்டு, கனடாவின் டொரன்டோவில் பாராலிம்பிக் நடந்தது. அதில்தான் துப்பாக்கி சுடுதல் முதல் முறையாகப் பாராலிம்பிக் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. அதற்குள் அவர் போய்விட்டார்.

1940-ல் அவர் போக நினைத்த டோக்கியோவில் பிறகு இரண்டு முறை ஒலிம்பிக் நடந்தது, 1964-ல் ஒன்று, கொரோனாவால் தள்ளிப்போய் 2021-ல் இன்னொன்று. அந்த இரண்டாவதோடு சேர்ந்து நடந்த பாராலிம்பிக்கில், 2021 செப்டம்பர் 4-ம் தேதி 50 மீட்டர் பிஸ்டல் இறுதிப் போட்டி. ஹரியானாவைச் சேர்ந்த 19 வயது மணீஷ் நர்வால் 218.2 புள்ளிகள் எடுத்து, பாராலிம்பிக் சாதனையோடு இந்தியாவுக்குத் தங்கம் வென்றார். பிறவியிலேயே வலது கையில் குறைபாடு உள்ளவர் அவர். பிஸ்டலைப் பிடிப்பது இடது கையில்.